தொலைவிலிருந்து இயங்கும் காமிராவும் நாகலாபுரத்து ஏடுகளும்

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இம்மேடையில் ஆண்டுதோறும் பேசுவோர் இலக்கியமும் இசையும் கற்றுத் துறைபோயவர்கள். யாமோ பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இக்கரக்பூரில் இரயில்வேப் பார்சல் கணக்கு எழுதி வருபவர். “நாகலாபுரம் சென்று ஏடுகளைப் படம் பிடித்து வந்தீர்களே, அதனையே சொல்லுங்கள்” என்று செயலாளர் அவர்கள் பணித்தமையால் உங்கள் முன் நிற்கின்றோம். பிழை காணின் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

நாகலாபுரம் எம் அன்னையார் பிறந்த ஊர். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி வழியாகப் பேருந்தில் செல்ல வேண்டும். இரயில்வே ஊழியராகிய எமக்குச் சற்றே நாணம் தருவது, அவ்வூருக்கு இருப்புப்பாதை இல்லை என்பதே. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது அதனுட் சேர்ந்தது. ஆட்சி மொழி தெலுங்கு; எம் தாய்மாமன் வீட்டில் பேசுவது தமிழ்.

விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர், 1509 முதல் 1529 வரை ஆண்டவர், தம் அன்னை நாகலாதேவியின் பெயரால் விளங்கச் செய்த ஊர் அது. அங்கே கோயில் கொண்டிருப்பவர் வேதநாராயணர். மேலே திருமால் வடிவும் கீழே மீன் வடிவுமாகக் காட்சி தருபவர். அசுரன் கவர்ந்து கடலுள் ஒளித்த மறைகளை மீன் உருவெடுத்து மீட்டார் என்பது அத்தலத்தின் வரலாறு. மார்ச்சுத் திங்களில் அங்கே சூரிய பூசை நடைபெறும். மாலைக் கதிரவனின் ஒளி வாயில்களைக் கடந்து கருவறை புகுந்து, முதல் நாள் திருவடியிலும், இரண்டாம் நாள் நாபியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படியும். ஒரே மாலையில் ஒளி திருமேனி முழுவதையும் தழுவுவதில்லை. மூன்று மாலையும் ஒரே இடத்தில் நின்று கண்டவரே தம் உள்ளத்தில் முழு வடிவத்தையும் சேர்த்துக்கொள்வர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

சென்ற பங்குனியில் அவ்விழாவைக் காணவே குடும்பத்தோடு சென்றோம். பூசை முடிந்த மறுநாட் காலையில் மாமா பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினார். உள்ளே 22 பனையோலை ஏடுகள். எம் கொள்ளுப்பாட்டனார் நாட்டு வைத்தியர். அவர் கையால் எழுதிய மருந்துக் குறிப்புகள் அவை. ஒவ்வோர் ஏடும் ஒரு சாண் நீளமும் இல்லை. பூச்சி துளைத்த துளைகள் ஒருபுறம். காய்ந்து முறுக்கிக் கொண்ட விளிம்புகள் ஒருபுறம்.

“நாங்கள் பேசுவது தமிழ், பேரப் பிள்ளைகள் படிப்பது தெலுங்கு. இதை இனி யார் படிக்கப் போகிறார்கள் தம்பி? வரும் ஆடிப் பெருக்கில் ஆரணியாற்றில் தண்ணீர் வந்தால் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்” என்றார் மாமா.

எமக்கு நெஞ்சு துணுக்குற்றது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த காலத்தில், ஆற்றில் விடப்பட்ட ஏடுகளையும் நெருப்பில் இடப்பட்ட ஏடுகளையும் பற்றிக் கேட்டு வருந்திய செய்தி நம்முள் பலர் அறிந்ததே. அக்காலத்தோடு ஒழிந்தது என்று எண்ணியிருந்த வழக்கம் எம் வீட்டுப் பரணிலேயே காத்திருந்தது. “ஆடி வரைக்கும் பொறுங்கள், மாமா. படமாவது எடுத்துக்கொள்கிறோம்” என்று வேண்டிக்கொண்டோம். அவரும் இசைந்தார்.

எம் மகள் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு பயில்கின்றாள். அவளிடம் இருந்த காமிராவைக் கையிற் பிடித்தே, திண்ணை வெளிச்சத்தில், ஏடுகள் அனைத்தையும் மிக நெருங்கிப் படம் எடுத்தோம். அரை நாளில் வேலை முடிந்தது. பெருமிதத்தோடு கரக்பூர் திரும்பினோம்.

இங்கே நம் காலனியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் படங்களைக் காட்டினோம். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “நடு எழுத்து பளிச்சென்று இருக்கிறது, ஓரத்து எழுத்து புகை மூடியதுபோல் இருக்கிறதே” என்றார். இருந்தும் படித்தவரை எழுதிக் கொடுத்தார். ஓரிடத்தில், சுத்தி செய்த சேராங்கொட்டை கால் பலம் என்று கண்டிருந்தது. சேராங்கொட்டை நச்சுத் தன்மை உடையது என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். “இந்த அளவுதான் எனக்கு உறுத்துகிறது. முந்தைய வரியின் கடைசியில் ஏதோ எழுத்து இருக்கிறது, தெரியவில்லை” என்று அவர் சொன்ன சொல் எம்மை உறங்க விடவில்லை.

நெருங்கிய பொருளைப் படம் பிடிப்பதில் உள்ள இடர் யாது என்பதை எம் மகள் எமக்கு விளக்கினாள்; யாம் விளங்கிக்கொண்ட அளவில் உங்களுக்கு உரைக்கின்றோம். லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரே தொலைவிலுள்ள தளத்தையே முழுத் தெளிவோடு காட்டும். அதற்கு முன்னும் பின்னும் சிறிதளவு தெளிவு நீளும். தொலைவிலுள்ள மலையைப் படம் எடுக்கும்போது இந்தத் தெளிவின் ஆழம் பல காதம் நீளும். பொருளை நெருங்க நெருங்க அது சுருங்கும். ஐந்து சென்டிமீட்டர் அகலமே படத்துள் நிறையுமாறு நெருங்கினால், எம் மகளிடம் இருந்தது போன்ற காமிராவில், எட்டாம் எண் துளை வைத்தாலும், ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே. முறுக்கிய ஏட்டின் ஓரமோ 15 மில்லிமீட்டர் எழும்பி நின்றது. நடுவைத் தெளிவாக்கினால் ஓரம் மங்கும். ஓரத்தைத் தெளிவாக்கினால் நடு மங்கும்.

துளையை மேலும் சிறிதாக்கினால் ஆழம் கூடாதோ என்று வினவினோம். கூடும். ஆனால் அளவு மீறிச் சிறிதாக்கினால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவிப் படம் முழுவதும் மழுங்கும். இதனை விளிம்பு விளைவு என்பர். ஏட்டை அழுத்தித் தட்டையாக்கலாமே எனின், காய்ந்த ஓலை முறிந்துவிடும். சற்றுத் தள்ளி நின்று எடுக்கலாமே எனின், எம் ஏட்டின் எழுத்து எழுத்தாணி கீறிய மயிரிழைக் கோடு, மை பூசாதது. தள்ளி நின்றால் கீறல் எது, பூச்சி அரித்த தடம் எது என்று பிரித்தறிதல் அரிது.

எஞ்சிய வழி ஒன்றே. காமிராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, ஏட்டையும் அசைக்காது, தெளிவுத் தளத்தை மட்டும் படிப்படியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்தல். ஒன்றில் மேல் விளிம்பு தெளிவு, அடுத்ததில் அதற்குச் சற்றுக் கீழே, இவ்வாறே அடிவரை. பின்னர்க் கணிப்பொறி அப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் பொறுக்கி ஒரே படமாக்கும். இதனைக் குவிய அடுக்கு முறை என்று சொல்லலாம். நாகலாபுரத்தில் கதிரவன் மூன்று மாலைகளில் செய்வதை இங்கே லென்ஸ் ஒரு நிமிடத்தில் செய்கின்றது.

இம்முறையில் மனிதனுடைய கையே பெரும் பகை. பொத்தானை அழுத்தினால் காமிரா மயிரிழையளவு நடுங்கும். அந்நெருக்கத்தில் மயிரிழையே மலை. லென்சின் வளையத்தைக் கையால் திருப்பினால் ஒரு படி சிறிதாகவும் மறு படி பெரிதாகவும் போகும். இடையில் ஒரு தளம் விடுபட்டால் அவ்விடத்து எழுத்து எப்படத்திலும் இராது. இதற்காகவே தொலைவிலிருந்து காமிராவை இயக்கும் மென்பொருள்கள் தோன்றின.

நம் நிலையத்துப் பழைய கேபினை நினைத்துப் பாருங்கள். கேபின்மேன் தண்டவாளத்தில் இறங்கிப் பாயிண்டைக் கையால் தள்ளியதில்லை. கேபினில் இருந்து நெம்புகோலை இழுத்தார். தொலைவில் பாயிண்ட் நகர்ந்தது. இங்கும் அவ்வாறே. காமிராவிலிருந்து ஒரு யு.எஸ்.பி. கம்பி மடிக்கணினிக்கு வருகின்றது. காமிரா காண்பதை மடிக்கணினியின் திரையில் அப்போதைக்கப்போதே காணலாம். ஏட்டின் மிக உயர்ந்த இடம் தெளியும்போது ஒரு குறி. மிகத் தாழ்ந்த இடம் தெளியும்போது மற்றொரு குறி. இடையே எத்தனை படி, ஒவ்வொரு படிக்கும் பின் நடுக்கம் அடங்க எத்தனை வினாடி காத்திருத்தல் என்று குறித்துவிட்டால் போதும். லென்சினுள் தானியங்கிக் குவியத்திற்காக அமைந்துள்ள சிறு மோட்டாரை மென்பொருளே சமமான படிகளில் நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்து, வரிசை எண்ணிட்டுச் சேர்த்து வைக்கும். நாம் கைகட்டி அமர்ந்திருக்கலாம்.

உக்ரைன் நாட்டுக் கார்கிவ் நகரத்தார் ஆக்கிய ஹெலிகான் ரிமோட் இவ்வகையில் பெயர் பெற்றது. 2022ஆம் ஆண்டிலிருந்து குண்டுகளுக்கு ஆளாகிவரும் அந்நகரத்தின் பெயரை இச்சபையில் மரியாதையோடு சொல்ல விரும்புகின்றோம். விலையின்றிக் கிடைப்பவையும் உள. விண்டோசில் இயங்கும் டிஜிகேம்கண்ட்ரோல் அத்தகையது. லினக்ஸ் வைத்திருப்போர்க்கு ஜீபோட்டோ உண்டு. எடுத்த படங்களை அடுக்கி ஒன்றாக்குவதற்கு ஹெலிகான் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர் முதலியன தனியே உள. 2017இல் வெளிவந்த நிக்கான் டி850 போன்ற காமிராக்களில் படிப்படியாக எடுக்கும் வசதி உள்ளேயே அமைந்திருக்கின்றது.

இம்முறையின் ஆற்றலுக்கு இரு சான்றுகள் கூறுவோம். 2016இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் லெவன் பிஸ் என்னும் படக்கலைஞர் பூச்சிகளின் பெரும்படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஒரு பூச்சியின் படம் ஒன்றற்கு 8000 முதல் 10000 வரை தனிப்படங்கள் எடுத்துச் சேர்த்தார். மற்றொன்று இன்னும் வியப்பானது. 2012 ஆகஸ்டுத் திங்களில் செவ்வாய்க் கோளில் இறங்கிய கியூரியாசிட்டி வண்டியின் கைந்நுனியில் மாலி என்னும் காமிரா உள்ளது. பூமியிலிருந்து அனுப்பும் கட்டளை அங்குச் சென்று சேரவே பல நிமிடங்கள் ஆகும். ஆதலின் எங்கே தொடங்குவது, எத்தனை படி என்பதை முன்னரே எழுதி அனுப்புகின்றனர். மாலி தெளிவுத் தளத்தை நகர்த்திப் பாறையைப் படம் எடுத்து, 8 படங்கள் வரை அங்கேயே ஒன்றாக்கி அனுப்பும். செவ்வாய்ப் பாறைக்குச் செய்வதை நம் பாட்டனார் ஏட்டுக்குச் செய்யலாகாதா என்று எம் மகள் கேட்டாள். அக்கேள்விக்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

வைகாசியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, யாமும் மகளும் மீண்டும் நாகலாபுரம் சென்றோம். முக்காலி, மடிக்கணினி, இரவல் வாங்கிய மேக்ரோ லென்ஸ், மின்கலத்தால் எரியும் இரண்டு சிறு விளக்குகள் ஆகியனவே எம் மூட்டை.

முதல் நாள் முழுவதும் தோல்வி. மின்விசிறிக் காற்றில் ஏட்டின் நுனி ஆடியது. பன்னிரண்டு படத்திலும் அது பன்னிரண்டு இடத்தில் இருந்தது. விசிறியை நிறுத்தினோம். நெடுஞ்சாலையில் லாரி செல்லும்போதெல்லாம் மரக்கட்டில் அதிர்ந்தது. ஆதலின் கட்டிலை விட்டுச் சிமெண்டுத் தரையில் அமர்ந்தோம். படம் பாதியில் மின்சாரம் நின்றது. குழல் விளக்கின் ஒளியில் தொடங்கிய அடுக்கு சன்னல் ஒளியில் முடிந்தது. சேர்த்தபோது புலிவரி விழுந்தது. அதன்பின் சன்னலை மூடிச் சிறு விளக்குகளையே ஏட்டின் பக்கவாட்டில் தாழ வைத்தோம். ஒளி சாய்ந்து விழுந்தபோது எழுத்தாணிக் கீறல்கள் உழவுசால்போல் நிழல் கொண்டு எழுந்தன. காமிராவின் தானியங்கி அளவுகளையெல்லாம் நிறுத்தி, ஒளியளவும் நிற அளவும் மாறாதபடி கையால் நிலைப்படுத்தினோம்.

22 ஏடுகளில் 9 நேராக இருந்தன. அவற்றிற்கு இம்முறை வேண்டுவதில்லை, பகுதிக்கு ஒரு படமே போதும். முறுக்கிய 13 ஏடுகளுக்கு, பக்கத்திற்கு 4 பகுதி, பகுதிக்கு 12 படம். ஆக 104 அடுக்குகள், 1248 படங்கள். பார்சல் கணக்கு எழுதிய பழக்கத்தால், ஏட்டின் எண், பக்கம், பகுதி, அடுக்கு எண் என்று நோட்டுப் புத்தகத்தில் பத்தி பிரித்து எழுதி வந்தோம். மகள் கணிப்பொறியை இயக்கினாள். எம் பங்கு அக்கணக்கே. மூன்று நாள் சென்றது.

மூன்றாம் நாள் இரவு, அந்தச் சேராங்கொட்டை ஏட்டை மகள் சேர்த்தாள். திரையில் வலப்புற ஓரம் மெல்லத் தெளிந்தது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை என்பதைப் புலவர் முன்னமே சொல்லியிருந்தார். வரியின் கடைசியில் ‘அரைக’ என்று நின்றது. அடுத்த வரியின் தொடக்கத்தில் ‘கால’. மகள் இரண்டையும் தனித்தனியே எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் இந்நகரில் பிறந்தவள். நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் கற்றவள். எழுத்து தெரிந்தது, பொருள் புலப்படவில்லை.

சுவரில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமி, “என்னம்மா படிக்கிறாய்? முக்கால், அரை, கால், அரைக்கால் என்று நாங்கள் சின்ன வயதில் சொல்வோமே, அந்த அரைக்கால்தானே?” என்றார். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. முன்னர் யாம் எழுதி வைத்திருந்த கால் பலம் அதனினும் இரு மடங்கு! மங்கிய ஓர் ஓரத்தால் ஒரு நச்சுச் சரக்கின் அளவு எம் நோட்டில் இரட்டிப்பாகியிருந்தது. அக்குறிப்பை எவருக்கும் மருந்தாகக் கொடுக்கும் எண்ணம் எமக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எனினும் எம் பாட்டனார் எழுதாத ஒன்றை அவர் பெயரால் எழுதி வைத்திருந்தோமே என்று உடல் நடுங்கியது.

நிற்க. ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சேர்த்த படத்தை அப்படியே நம்பிவிடலாகாது. தளம் நகரும்போது படத்தின் அளவும் சிறிது மாறும். மென்பொருள் அதனைச் சரிசெய்துகொண்டே சேர்க்கின்றது. உயர்ந்த விளிம்பும் தாழ்ந்த தளமும் சந்திக்கும் இடத்தில் சில வேளை இல்லாத கோட்டையும் உண்டாக்கும். உள்ள கோட்டையும் விழுங்கும். ஆதலின் ‘அரைக’ என்பதை அந்த அடுக்கின் தனிப்படங்களில் தேடினோம். மூன்றாம் படத்தில், ஓரம் மட்டும் தெளிந்த அப்படத்தில், மூன்றெழுத்தும் ஐயமற நின்றன. அதன் பின்னரே நோட்டில் திருத்தினோம். 1248 தனிப்படங்களையும் அழிக்காமல் இரண்டு வட்டுகளில் வைத்திருக்கின்றோம். ஒன்று இங்கே, ஒன்று மாமா வீட்டில்.

மறுநாட் காலை மாமா திரையருகே அமர்ந்து, தம் பாட்டனாரின் எழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தம் தந்தையாரின் கையெழுத்திலும் ககரம் இப்படித்தான் சாய்ந்திருக்கும் என்றார். பின் மூட்டையைத் தாமே கட்டினார். புதுத் துணியில் கட்டிப் பரணில் வைக்காமல் இரும்புப் பெட்டியில் வைத்தார். திருப்பதியில் 1939இல் தோன்றிப் பின்னர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் இருப்பதையும், சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருப்பதையும் அவரிடம் எடுத்துரைத்தோம். “பார்க்கலாம் தம்பி” என்று மட்டும் சொன்னார். ஆடிப் பெருக்கும் வந்து போயிற்று. ஏடுகள் பெட்டியிலேயே இருக்கின்றன.

அன்பர்களே! இக்காலனியில் வாழும் நாம் பல ஊரிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். நம்முள் பலருடைய சொந்த ஊர்ப் பரணிலும் பெட்டியிலும் ஏடோ, பழங்காசோ, செப்பு முத்திரையோ, பாட்டியின் சிறு நகையோ இருக்கக்கூடும். அவற்றை இங்கே எடுத்து வருமாறு யாம் சொல்லவில்லை. இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது எம்மிடம் சொல்லுங்கள். முக்காலியும் விளக்கும் இரவலாகத் தருகின்றோம். ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் இம்மென்பொருளை இயக்கும் முறையை எம் மகள் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கின்றாள். காமிரா இல்லாதோர்க்கு அதற்கும் வழி தேடுவோம்.

அதே அறையில் அதே நாள் காலையில் நடைபெறும் தமிழ் வகுப்பையும் மறந்துவிட வேண்டா. சென்ற ஆண்டு அவ்வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒரு கை விரல்களில் எண்ணத்தக்கவர். எத்துணைத் தெளிவாகப் படம் எடுத்தாலும், ‘அரைக’ என்பதையும் ‘கால’ என்பதையும் சேர்த்துப் படிக்க ஒரு மாமி வேண்டியிருந்தது. அவருக்குப் பின் அதனைப் படிக்கப் போகிறவர்கள் இம்மண்டபத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளே. அவர்களை வகுப்புக்கு அனுப்பி வையுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.